தூண்டில் போட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

காசி, ராமேசுவரம், ஊட்டி, கொடைக்கானல் என்று போய்வந்தவர்கள் எழுதுவதை எத்தனையோ படித்திருப்பீர்கள். நான் எழுதப்போகிற பிரயாணம் எங்கள் வீட்டு வாசலில் புறப்பட்டு அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். டிக்கெட் கிடையாது, ஓட்டல் கிடையாது. ஒரு தூக்குச்சட்டியும் பிளாஸ்க்கும் போதும்.

எங்கள் ஊர் குருவிநத்தம். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் வந்து கன்னியக்கோவிலில் மேற்கே திரும்பினால் பாகூர். பாகூரை ஒட்டித் தெற்கே நாங்கள். புதுச்சேரிக்குப் பாகூர்தான் நெற்களஞ்சியம். எங்கு பார்த்தாலும் நெல்லும் கரும்பும்தான். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும் தண்ணீரில்தான் எங்கள் பிழைப்பு. ஊருக்குத் தெற்கே தென்பெண்ணை ஆறு. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, எங்களைத் தொட்டுக்கொண்டு போய்க் கடலூரை ஒட்டித் தாழங்குடா பக்கம் கடலில் விழுகிறது. நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்து இருபத்திரண்டு வருஷமாகியும், அந்த ஆறு போய்ச் சேருகிற இடத்தைப் பார்க்காமலேயே இருந்தேன். தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சோரியாங்குப்பம் போய், சாமி பார்த்து, சிறுவள்ளிக்கிழங்கு வாங்கி வருவதோடு எனக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவு முடிந்துவிடும்.

என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என் வீட்டுக்காரரின் தூண்டில்.

அவர் புதுச்சேரியில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். ஒருநாள் மில் கதவு மூடிற்று. அன்றைக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர்தான், மாதக்கணக்கில் எழுந்திருக்கவேயில்லை என்று வையுங்கள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், இல்லாவிட்டால் கேட்கவும் மாட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கொல்லைக்கும் வாசலுக்கும் நடப்பார். சொந்தக்காரர்கள் வந்தால் முதல் கேள்வியே "அப்புறம், வேலை என்ன ஆச்சு?" என்பதுதான். அப்புறம் யார் வந்தாலும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். நான் பயந்து போயிருந்தேன். வெளியே சொல்லவும் வெட்கம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைச் சொல்தா என்றுதான் சொல்வோம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு வந்து வாசலில் நின்று, "டேய், வண்டி ஓட்ட ஆள் இல்லை, வா" என்றார். பெரியவர் பேச்சைத் தட்ட முடியாமல் இவர் டி.வி.எஸ். வண்டியை எடுத்தார். பதினோரு மணிக்குத் திரும்பியபோது கையில் பாலிதீன் பை, அதில் நாலு மடவை மீன். "குழம்பு வை" என்றார். மாதக்கணக்கில் அவராக வாய்திறந்து ஒன்று கேட்டது அதுதான்.

அதற்குப்பின் ஞாயிறுதோறும் புறப்பாடு. எனக்குச் சந்தோஷம் என்றா நினைக்கிறீர்கள்? முதல் மாதம் சந்தோஷம். இரண்டாம் மாதம் எரிச்சல். வேலை போன ஆம்பிளை தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும்? தங்கூசி, முள், ஈயக்குண்டு, பெட்ரோல் என்று செலவு வேறு. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "வள்ளுவரே சூதாட்டத்துக்குத் தூண்டில் முள்ளைத்தான் உவமை சொல்லியிருக்கிறார், தெரியுமா?" என்று சண்டை போட்டேன். "அது மீனுக்குச் சொன்னது, பிடிக்கிறவனுக்கு இல்லை" என்றார். அவ்வளவு நாள் பேசாத மனுஷன் எதிர்த்துப் பேசிய சந்தோஷத்தில் நான் சண்டையை விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, டிபன் கொண்டுபோகிற சாக்கில் நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நிஜத்தில் வேவு பார்க்கத்தான்! முள்ளோடை தாண்டி, ஆல்பேட்டைப் பாலத்தில் பெண்ணையாற்றைக் கடந்து, தாழங்குடா பக்கம் கடற்கரை. சவுக்குத் தோப்பும் மணலும் முடிகிற இடத்தில் முகத்துவாரம். ஒரு பக்கம் ஆறு சாதுவாகப் படுத்திருக்கிறது. மறு பக்கம் கடல் சத்தம் போடுகிறது. நடுவில் ஒரு மணல் திட்டு, யார் பக்கம் சேருவது என்று தெரியாத மாதிரி. கடல் தண்ணீர் ஏறும்போது ஆறு பின்னால் நகரும். வற்றும்போது ஆற்றுத்தண்ணீர் சுழித்துக்கொண்டு வெளியே ஓடும். அந்த ஓட்டத்தில் வருகிற இறால் குஞ்சுகளையும் பொடிமீனையும் தின்னப் பெரிய மீன்கள் வாசலில் காத்திருக்குமாம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றவற்றம் அதிகம். அதனால்தான் எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் நான் விரதத்துக்குப் பார்க்கிற அமாவாசையை அவர் மீனுக்குப் பார்க்கிறார்!

அங்கே வழக்கமாக நாலைந்து பேர். தாத்தா, ஓய்வு பெற்ற போஸ்ட்மேன் ஒருவர், கடலூரில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாய், பிறகு தாழங்குடாப் பையன் ஒருவன். அந்தப் பையன் பரம்பரையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். இவர்களுடைய 'விளையாட்டு மீன்பிடிப்பை'ப் பார்த்து அவனுக்கு ஒரே சிரிப்பு. ஆனாலும் உயிர் இறாலை இரைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காற்று எப்படி, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போவான். "இன்னிக்கு வாடை, கலங்கலா இருக்கு, வீட்டுக்குப் போங்க" என்று அவன் சொன்னால் எல்லோரும் சுருட்டிக்கொள்ள வேண்டியதுதான். முகத்துவாரத்தில் இடுப்புத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதும் அவன் போட்ட சட்டம். பார்க்க அமைதியாக இருக்கும், காலடி மணலை உருவிக்கொண்டு போய்விடும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

தாத்தா கையில் மட்டும் ராடும் ரீலும். துலோன் துறைமுகத்தில் இருந்தபோது வாங்கியதாம். மற்றவர்களுக்கெல்லாம் மரக்கட்டையில் சுற்றிய தங்கூசிதான். 1952 புயலில் போன புதுச்சேரி பழைய இரும்புப் பாலத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து தூண்டில் பார்த்தேன் என்பார். அதற்குப்பின் கட்டிய பாலமும் 2022 மார்ச்சில் பாதி இடிந்து விழுந்தபோது, இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

என்ன பேசிக்கொள்வார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே பேசவில்லை! "இழுத்துச்சா?" "ம்ஹூம்." "நண்டு இரையத் தின்னுட்டுப் போவுது." பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இப்படி ஒன்று. மில்லைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர் சிரித்தார் என்றால் நம்புவீர்களா? நண்டு இரையைத் தின்றதற்குச் சிரித்தார்.

அன்றைக்கு எனக்கு இரண்டு பாடம் கிடைத்தது. முதலாவது கையில். போஸ்ட்மேன் பிடித்துப் போட்ட கெளுத்தியை, மீன் அரிந்து பழகிய கைதானே என்று நான் எடுத்துக் கூடையில் போடப் போனேன். உயிர்க் கெளுத்தி வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. செவுளுக்குப் பக்கத்து முள் கட்டைவிரலில் ஏறி, தோள்வரை சுளீரென்று வலி. கண்ணில் நீர் வந்துவிட்டது. போஸ்ட்மேன் சட்டென்று பிளாஸ்க்கிலிருந்த வெந்நீரைத் தூக்குச்சட்டி மூடியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு என் கையை வைக்கச் சொன்னார். ஆற ஆற ஊற்றிக்கொண்டே இருந்தார். முக்கால் மணியில் வலி மட்டுப்பட்டது. அந்த விஷம் சூட்டில் வீரியம் இழந்துவிடும் என்று டாக்டரும் பிறகு சொன்னார். கை பொறுக்கும் சூடுதான், கொதிநீர் கூடாது. வலியில் சூடு தெரியாது, ஆகவே நல்ல கையை முதலில் விட்டுப் பார்க்க வேண்டும். முள் முறிந்து உள்ளே இருந்தாலோ, வீங்கிச் சிவந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். டெட்டனஸ் ஊசி எப்படியும் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று. பந்து மாதிரி வயிற்றை உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் தூண்டிலில் மாட்டினால் யாரும் வீட்டுக்குக் கொண்டுவர விடாதீர்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது. பூனைக்குக்கூடப் போடக் கூடாது.

இரண்டாவது பாடம் கை வலி குறைந்தபோது. பேச்சுவாக்கில் போஸ்ட்மேன், "அண்ணி, இந்த ஆறு மாசத்துல அண்ணன் புடிச்சது மூணே மூணு கெளுத்தி. அதுல ஒண்ணு பாதியிலேயே ஓடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்குப் புரியவில்லை. வாராவாரம் வீட்டுக்கு மீன் வந்ததே? மடவை, கிழங்கான், ஒருதரம் ஒன்றரைக் கிலோவுக்குக் கொடுவாகூட வந்ததே? "தூண்டிலில் மாட்டியது" என்று நான் மாமியாரிடம் பெருமை பேசி, தலையை அவருக்கு வைத்தேனே! என் வீட்டுக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயும் கடலைப் பார்த்தார். கடைசியில் தாத்தாதான் சொன்னார். "கரையிலேருந்து வெறுங்கையோட யாரும் வீட்டுக்குப் போகக் கூடாதும்மா. அங்க சட்டி காத்துக்கிட்டிருக்கும் இல்ல?"

அவ்வளவுதான். யார் பையில் யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நானும் கேட்கவில்லை.

கொடுவா என்றதும் ஞாபகம் வருகிறது. என் மகள் நூலகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறிவிடுமாம்! ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்துவிட்டு, முட்டையிட முகத்துவாரத்துக்கு வந்துவிடும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-இல் தொட்டியிலேயே அதைக் குஞ்சு பொரிக்கச் செய்துவிட்டார்கள். "வயசானால்தான் பெண் ஆகுமா? அப்போதுதான் பொறுப்பு வரும்போல" என்றேன். இவர் பதில் சொல்லவில்லை. 1653-இலேயே லண்டனில் ஐசக் வால்டன் என்ற துணி வியாபாரி தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி, தொண்ணூறு வயதுவரை இருந்தாராம். அவருக்கும் முன்னால் 1496-இல் அச்சான ஒரு தூண்டில் புத்தகத்தை ஒரு கன்னிகாஸ்திரீ எழுதியதாகச் சொல்லி வருகிறார்கள். ஆண்கள் சமாச்சாரம் என்று நான் நினைத்தது தப்பு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை. அதைத் தாங்கிவிட்டோம் என்று நினைத்தால், டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் திறந்த தண்ணீர் ஆற்றை மீறி வந்தது. மாமியாரைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குள் முழங்கால் சேறு. அரிசி, பாய், தலையணை, மகளின் புத்தகம், என் தையல் மெஷின் எல்லாம் ஒரே நிறம். இவர் வாசலில் நின்ற நிலையைப் பார்த்து எனக்குச் சேற்றைவிட அதுதான் பயமாக இருந்தது. மறுபடி திண்ணையில் உட்கார்ந்துவிடுவாரோ?

சாலை திறந்த அன்று காலை டி.வி.எஸ். சத்தம். போஸ்ட்மேனும் பாயும் மண்வெட்டி, தென்னந்துடைப்பம், ஒரு கேன் குடிதண்ணீர். பாய் கடைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "உங்க கடை பாய்?" என்றேன். "அது இரும்பு, தங்கச்சி. காயும்" என்றார். மத்தியானம் தாழங்குடாப் பையன் நண்பர்கள் இரண்டு பேரோடு வந்தான். தாத்தாவால் குனிய முடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகளின் புத்தகங்களை ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தார். அன்றைக்கும் யாரும் அதிகம் பேசவில்லை. "அந்தப் பக்கம் தள்ளு." "போதும், விடு." அதேதான். சாயங்காலம் தரை தெரிந்தது. என் வீட்டுக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்கவில்லை. அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்.

இப்போது அவர் ஒரு அரிசி மில்லில் கணக்குப் பார்க்கிறார். சம்பளம் பழைய மாதிரி இல்லை, ஞாயிறு விடுமுறை உண்டு. மாதம் ஒருதரம் நானும் போகிறேன், எனக்கென்று ஒரு கட்டைத் தூண்டில் இருக்கிறது. வெள்ளத்துக்குப்பின் மணல் திட்டு இடம் மாறிவிட்டதால் எல்லோருக்குமே புதுப்பாடம்தான். எனக்கு விழுவது பெரும்பாலும் கிழங்கான். பத்தியச் சாப்பாட்டுக்கு ஏற்ற மீன். நடுமுள் சீப்பு மாதிரி ஒன்றாக வந்துவிடும். சின்னக் குழந்தைக்கு மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, ஒருதரம் விரலால் பிசைந்து பார்த்துவிட்டு ஊட்டலாம்.

போன மாதம் பாகூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். யாரோடும் பேசவில்லை. எதற்கு வந்தான், என்ன கஷ்டம் என்று கேட்க என் நாக்கு துடித்தது. இவர் கண்ணைக் காட்டினார், அடக்கிக்கொண்டேன். அவன் தூண்டிலில் அன்று ஒன்றுமே மாட்டவில்லை. எனக்கு இரண்டு கிழங்கான், ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும், என் கையால் அவ்வளவு பெரிது பிடித்ததே இல்லை. கொஞ்ச நேரம் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கை கழுவக் குனிந்தபோது இரண்டையும் அவன் வண்டிப் பையில் போட்டு மூடினேன்.

வீட்டில் அன்று ரசமும் சுட்ட அப்பளமும்தான். மாமியார் மட்டும் "என்னடி, இன்னிக்கு ஒண்ணும் மாட்டலியா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.