தொலைந்த பக்கம் தந்த பாடம்

‘வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. இதற்கு ஐந்தாம் வகுப்பிலேயே பொருள் எழுதி முழு மதிப்பெண் பெற்றவர்கள் நாங்கள். ஆயினும் அதன் உண்மைப் பொருளை இவ்வாண்டுதான், நம் பள்ளிக் கணினி அறையில் கற்றோம். அந்தக் கதையையும், அதனால் நாங்கள் கைக்கொண்ட சில எளிய வழிகளையும் தோழியருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆண்டு மலருக்குரிய கட்டுரைகளைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு எங்கள் வகுப்பில் நால்வருக்குக் கிடைத்தது. ரெட்டியார்சத்திரத்திலும் கன்னிவாடியிலும் வீடுள்ள எங்களுக்குப் பள்ளி விட்டபின் பேருந்து வரும்வரை கிடைப்பது நாற்பது நிமிடமே. அந்நேரத்தில், இவ்வாண்டு ஓய்வு பெறும் சமையற்கூடத்து ஆயாம்மாவை அழைத்து உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல நேரே கணினியில் பதிந்தோம். தாளில் எதுவும் எழுதவில்லை. கணினி இருக்கத் தாள் எதற்கு என்ற பெருமிதம்!

மூன்றாம் வகுப்போடு தம் படிப்பு நின்றதை ஆயாம்மா சொன்னார். ஆடு மேய்க்கப் போகச் சொன்ன அன்று, தம் பலகையைத் தானியக் குதிருக்குள் ஒளித்து வைத்தாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. எங்கள் விரல்களும் சற்று நின்றன. முடித்ததும் கோப்புக்குக் ‘கட்டுரை’ என்று பெயரிட்டுச் சேமித்து, பேருந்தைப் பிடிக்க ஓடினோம்.

மறுநாள் எங்களுள் ஒருத்தி விளையாட்டு விழா அறிக்கையைத் தட்டச்சு செய்தாள். அதற்கும் ‘கட்டுரை’ என்றே பெயரிட்டாள். ‘இப்பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு உள்ளது, மாற்றவா?’ என்று கணினி கேட்டது. பேருந்தின் ஒலி கேட்டது. ‘ஆம்’ என்று தட்டிவிட்டு எழுந்தாள். ஆயாம்மாவின் பக்கம் இருந்த இடத்தில் ஓட்டப்பந்தய முடிவுகள் அமர்ந்துவிட்டன.

அவளைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. முதலில் அந்தப் பெயரை வைத்தவர்கள் நாங்கள் எல்லோரும்தானே! கணினி நம்மை எச்சரிக்கத்தான் செய்தது. நாம்தாம் படிக்கவில்லை.

மீண்டும் ஆயாம்மாவிடம் சென்று நின்றோம். அவர் கோபிக்கவில்லை. “அதுக்கென்ன கண்ணுகளா, இன்னொருக்கச் சொன்னாப் போச்சு” என்று அமர்ந்தார். ஆனால் இம்முறை பலகையைப் பற்றிய பேச்சே வரவில்லை. நாங்கள் நினைவூட்டியபோது, “அதையெல்லாமா சொன்னேன்? அது எதுக்கு பாப்பா, விடுங்க” என்று எழுந்துவிட்டார். தட்டச்சை மீண்டும் செய்யலாம். ஒருவர் மனம் திறந்த வேளையை மீண்டும் வரவழைக்க முடியுமா?

அன்று முதல் நாங்கள் கடைப்பிடிக்கும் வழிகள் இவை.

முதலாவது, பெயர். ‘கட்டுரை’, ‘புதியது’ என்று பொதுப்பெயர் இடாமல், பொருளும் நாளும் விளங்கப் பெயரிடுகிறோம். எழுதத் தொடங்கும் முன்பே பெயரிட்டு, ஒவ்வொரு பத்தி முடிவிலும் கன்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்திச் சேமிக்கிறோம்.

இரண்டாவது, தவறு நேர்ந்தால் பதறாமை. எழுதியது அழிந்துவிட்டால், வேறெதையும் தொடாமல் கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் போனது திரும்பும். அதன் அருகில் வரிசையாக உள்ள எக்ஸ், சி, வி ஆகியவை வெட்ட, படியெடுக்க, ஒட்ட உதவுவன. வெட்டி ஒட்டும் இம்முறையை 1970களில் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களுள் ஒருவர் லாரி டெஸ்லர், 2020இல் மறைந்தார். ஆனால் இசட் விசைக்கும் எல்லை உண்டு. கோப்பை மூடியபின் அது பொதுவாக உதவாது, எங்களுக்கும் உதவவில்லை.

மூன்றாவது, படிகள். நம் வீடுகளில் விதைக்கென்று எடுத்ததை உணவுத் தானியத்தோடு கலக்காமல் தனியே காப்பார்கள் அல்லவா? கணினி அறிந்தோரும் அவ்வாறே, ‘மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறிடத்தில்’ என்பார்கள். இப்போது ஒரு படி பள்ளிக் கணினியிலும், ஒரு படி பென்டிரைவிலும், ஒரு படி ஆசிரியையின் மின்னஞ்சலிலும் உள்ளன. பென்டிரைவைச் சட்டெனப் பிடுங்காமல், ‘வெளியேற்று’ என்று கட்டளையிட்ட பின்பே எடுக்கிறோம்.

நான்காவது, தமிழ் விசைப்பலகை. முன்பு ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டியதால், ஆயாம்மா வாக்கியத்தின் நடுவே எங்களுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. இப்போது, சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த ‘தமிழ்99’ முறையைப் பழகுகிறோம். உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்துள்ளன. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டுகள். நடுவிலுள்ள புள்ளி தானே விழும்!

ஐந்தாவது, பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எண்ணி மகிழும் நாம், கணினியை மட்டும் திறந்து போட்டுவிட்டுப் போகலாமா? எழுந்து செல்லும்போது விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். பலர் புழங்கும் கணினியாயின் மின்னஞ்சலிலிருந்து வெளியேறிவிடுதல் வேண்டும். கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணையும் கேட்பவர் எவராயினும் கொடுக்கலாகாது. நம் பெற்றோர் எவரேனும் ஏமாந்து பணம் இழந்தால், உடனே 1930 என்னும் எண்ணில் அழைக்கச் சொல்லுங்கள்.

ஆயாம்மாவின் கட்டுரை இம்மலரில் இடம்பெற்றுள்ளது. பலகையைப் பற்றிய வரி அதில் இல்லை. எங்கள் நால்வருக்கும் அது நால்வேறு விதமாக நினைவிருந்தது. அவர் சொல்லாத சொல்லை அவர் பெயரில் அச்சிட எங்களுக்கு மனம் வரவில்லை. எனவே அவரிடமே கேட்டு, அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்த பின், எங்கள் சொற்களாக இங்கே குறிப்பிட்டுள்ளோம்.

தோழியரே! கணினி கேட்கும் கேள்வியை ஒரு நொடி நின்று படியுங்கள். பேருந்து போனால் அடுத்த பேருந்து வரும்.