சாவி யாரிடம் இருக்கிறது?

கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுக் கூடத்தில், பழைய பத்திரிகைக் கட்டின்மேல், மூன்று மாதங்களாக ஒரு ரவுட்டர் கிடந்தது. அது பழுதடைந்திருக்கவில்லை. மின்சாரம் கொடுத்தால் விளக்குகள் எரியும், இணையமும் வரும். ஆனால் அதனுள் இயங்கும் மென்பொருளைப் புதுப்பிப்பதைத் தயாரித்தவர்கள் நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன. கள்வன் நுழையக்கூடிய ஓட்டை எதுவும் இனி அடைபடாது என்பது அதன் பொருள். புதியது ஒன்றை வாங்கிவிட்டுப் பழையதை எறிவதற்காக வைத்திருந்தேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணனிப் பொறியியல் பயிலும் அயல்வீட்டுப் பிள்ளை ஒருநாள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த இலக்கத்தைக் கண்ணைச் சுருக்கி வாசித்தாள்.

“அங்கிள், இத வீசிறாதீங்க. இது இன்னும் சாகல்ல. பாத்துக்கிறதுக்குத்தான் ஆளில்ல.”

அன்று மாலையே அதற்குள் ‘ஓப்பன்டபிள்யுஆர்டி’ என்ற மென்பொருளை ஏற்றினாள். ஏற்றுவதற்கு முன் மாதிரி இலக்கத்தை மூன்று தடவை சரிபார்த்தாள். ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு பெட்டிகளுக்குள் வெவ்வேறு சில்லுகள் இருக்கக்கூடும். தவறானதை ஏற்றினால் பெட்டி உயிரற்றுப் போகும். அப்படிப் போனதை அவர்கள் ‘செங்கல்’ என்கிறார்களாம். என் பெட்டி செங்கலாகவில்லை. இப்போது மாடியறையில் வேலை செய்கிறது.

லினக்ஸ் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பேராதனை வளாகத்துக்கு மேலே எழும் ஹந்தானை மலையின் பெயரிலேயே, ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் பதிப்பொன்றை இந்நாட்டு ஆர்வலர்கள் உருவாக்கினார்கள். ஆனால் மேசைக் கணனியில் இயங்கும் லினக்ஸ் வேறு, ஒரு சிறு பெட்டிக்குள் யார் கண்ணிலும் படாமல் உறைந்திருக்கும் லினக்ஸ் வேறு. பின்னதைப் பேணுவது கடினம். பெட்டிகள் ஆயிரம் வகை. நினைவகமோ மிகச் சிறிது.

என்னைப் பிடித்துக்கொண்டது அதைப் பேணும் மனிதர்களின் கதை. லிங்சிஸ் நிறுவனம் 2002இன் இறுதியில் டபிள்யுஆர்டி54ஜி என்ற ரவுட்டரைச் சந்தைக்கு விட்டது. அதற்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமம் ஒரு நிபந்தனை விதிக்கிறது: அதை விநியோகிப்பவர், தாம் செய்த மாற்றங்களுடன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். ஆர்வலர்கள் விடாமல் கேட்டார்கள். 2003இல் நிரல் வெளியானது. அதைக்கொண்டு 2004இல் தொடங்கியதுதான் இந்தத் திட்டம். இதன் பெயரிலுள்ள கடைசி மூன்று எழுத்துகள் அந்தப் பழைய ரவுட்டரின் ஞாபகம்.

பன்னிரண்டு வருடங்களின் பின், 2016 மே மாதத்தில், அந்தச் சமூகம் இரண்டாக உடைந்தது. முக்கிய பங்களிப்பாளர்கள் பலர் வெளியேறி ‘லீட்’ என்ற பெயரில் தனித் திட்டம் தொடங்கினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் தொழில்நுட்பத்தைவிட நிர்வாகமே அதிகம். முடிவுகள் எங்கே, யாரால் எடுக்கப்படுகின்றன என்பது தெரியவில்லை. நிரலில் கைவைக்கும் அதிகாரம் போதிய ஆட்களிடம் இல்லை. சேவையகங்கள் அடிக்கடி முடங்குகின்றன என்றார்கள்.

இதைக் கேட்டபோது நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன்.

முப்பது வருடங்களுக்கு முன், கண்டியில் சில நண்பர்கள் சேர்ந்து ஒரு தமிழ் வாசிகசாலை நடத்தினோம். நான் செயலாளர். கூட்டக் குறிப்பேடு என் வீட்டில் இருந்தது. சாவி பொருளாளரிடம் இருந்தது. இருவரும் யோக்கியர்கள் என்று எல்லோரும் நம்பியதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. பின் ஒரு நன்கொடை விஷயத்தில் மனத்தாங்கல் வந்தது. குறிப்பேட்டைக் காட்டும்படி ஒரு தரப்பு கேட்டது. அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு நான் மறுத்தேன். அவர்கள் வேறோர் அறை பிடித்தார்கள். ஒரு வருடத்துக்குள் இரண்டு வாசிகசாலைகளும் இல்லாமற் போயின. பூட்டிய அறையைத் திறந்தபோது கீழ்த்தட்டுப் புத்தகங்களைக் கறையான் முடித்திருந்தது. நன்கொடைக் கணக்கில் ஒரு சதமும் பிசகில்லை. பிசகு என் வீம்பில் இருந்தது.

நம்மவர் சங்கங்கள் உடைந்த கதைகளை வாசகர்கள் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் நிறையவே கண்டிருப்பீர்கள். உடைந்தவை மறுபடி ஒட்டியதைக் கண்டவர்கள் குறைவு.

இவர்கள் ஒட்டினார்கள். 2018 ஜனவரியில் இரு தரப்பும் இணைப்பை அறிவித்தன. பழைய பெயர் நிலைத்தது. பிரிந்து போனவர்களின் நிரலும் நடைமுறை விதிகளும் ஏற்கப்பட்டன. ஒரு பக்கம் பெயரை வைத்துக்கொண்டது, மறுபக்கம் முறையைக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் முதல் கூட்டுப் பதிப்பு 18.06 வெளிவந்தது. வருடமும் மாதமும்தான் அந்த எண்.

விதிகள் எளிமையானவை. எந்த மாற்றத்தையும் பலர் பார்க்கும்படி முன்வைக்க வேண்டும். “இது என்னால் தரப்படுகிறது, தருவதற்கு எனக்கு உரிமை உண்டு” என்று பொருள்படும் ஒரு வரியில் அனுப்புபவர் தம் பெயரை இட வேண்டும். பெரிய முடிவுகளுக்கு வாக்கெடுப்பு உண்டு. அடுத்த பதிப்பு லினக்ஸ் கருவின் எந்த இலக்கத்தில் நிற்கும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது: 23.05 பதிப்புக்கு 5.15, 2025இல் வந்த 24.10 பதிப்புக்கு 6.6. எல்லா வகைப் பெட்டிகளையும் அந்த இலக்கத்துக்கு யாராவது நகர்த்தியாக வேண்டும்.

திட்டமிடல் என்றால் சிலவற்றைக் கைவிடுவதும்தான். நான்கு மெகாபைட் சேமிப்பும் முப்பத்திரண்டு மெகாபைட் நினைவகமும் கொண்ட பழைய பெட்டிகளுக்கான ஆதரவு 19.07 வரிசையோடு முடிந்தது. திட்டத்துக்குப் பெயர் கொடுத்த அந்த ரவுட்டரும் அந்த அளவுக்குள் அடங்கிப் போனதுதான். ஏழை வீட்டிலும் பழைய பெட்டி இருக்குமே என்று நான் கேட்டேன். “இருக்கும் அங்கிள். ஆனா இடம் பத்தாதே. ஏன் நிறுத்துறம்னு முன்கூட்டியே சொல்லித்தான் நிறுத்தினாங்க” என்றாள். என் தொழிலில் பத்திரிகைகள் மூடப்பட்ட விதம் நினைவுக்கு வந்தது. பெரும்பாலும் மறுநாட் காலையில்தான் எங்களுக்கே தெரியும்.

2024இல், திட்டத்தின் இருபதாம் ஆண்டில், அவர்கள் தாமே வடிவமைத்த ‘ஓப்பன்டபிள்யுஆர்டி ஒன்’ என்ற ரவுட்டர் விற்பனைக்கு வந்தது. யோசனையை ஜனவரியில் முன்வைத்து, வாக்கெடுத்து, நவம்பரில் வெளியிட்டார்கள். வெளிவந்தபோது விலை 89 டொலராக இருந்தது; ஒவ்வொன்றிலிருந்தும் 10 டொலர் திட்டத்தின் நிதிக்குச் சேர்கிறது. அதில் சேமிப்புச் சில்லுகள் இரண்டு. ஒன்றில் மென்பொருள் கெட்டுப்போனாலும் மற்றையதில் மீட்பு வழி பத்திரமாக இருக்கும். செங்கலாகிவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

நம் வாசிகசாலைக்கு அப்படியொரு இரண்டாவது சில்லு இருக்கவில்லை.

சென்ற மாதம் எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் மறுபடியும் ஒரு வாசிகசாலை தொடங்கப்போவதாகச் சொல்லி ஆலோசனை கேட்க வந்தார்கள். தலைவராக இருக்கும்படியும் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். மூன்று விடயங்களை மட்டும் சொன்னேன். சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும். கூட்டக் குறிப்பைக் கூட்டம் முடிந்த மறுநாளே சுவரில் ஒட்டுங்கள். கணக்கைக் காட்டு என்று ஒருவன் கேட்டால் கோபிக்காதீர்கள். அவன் உங்களுக்கு உதவி செய்கிறான்.

அவர்கள் போன பின் அலுமாரியிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்தேன். அன்று அதைப் பார்க்கக் கேட்டவர்களில் ஒருவர் இன்றும் கம்பளையில் இருக்கிறார். அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்கலாமென்றிருக்கிறேன்.