தோணிச் சமையலுக்கு இன்னொரு கை



நம் தூத்துக்குடித் தோணியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காய்கறி, செங்கல், ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் மரக்கலம். பாயும் உண்டு, இன்ஜினும் உண்டு. ஆனால் அதில் சோறு எப்படி ஆக்குகிறார்கள் என்று யாராவது யோசித்தது உண்டா? என் மாமா ஒரு தோணியில் பண்டாரி. பண்டாரி என்றால் சமையல்காரர். மாலே போய்ச் சேர மூன்று நான்கு நாள் ஆகும். ஒன்பது பேருக்கு வேளாவேளைக்கு அவர் கையால்தான் சாப்பாடு.

வீட்டில் அம்மா சமைக்கும்போது இரண்டு கையும் சமையலுக்கே இருக்கும். தோணியில் அப்படி இல்லை. தோணி ஆடிக்கொண்டே இருப்பதால் ஒரு கை எதையாவது பிடித்தே ஆக வேண்டும். மிச்சம் ஒரு கைதான். அந்த ஒரு கையால் பானையையும் பிடிக்கணும், கரண்டியையும் போடணும். போன வருஷம் ஒரு பயணத்தில் கொதிக்கிற கஞ்சிப் பானை சரிந்து மாமாவின் வலது கால் வெந்துபோனது. ஒரு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. பயணம் போனால்தானே சம்பளம்?

“இந்தப் பொழப்பே வேண்டாம் தம்பி” என்று அம்மா அழுதார்கள். “கடல விட்டா எனக்கு வேற என்னக்கா தெரியும்?” என்றார் மாமா. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அதனால் கச்சான் காற்றுக்காகத் தோணி கரையில் நின்ற மாதங்களில் நானும் மாமாவும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். “எந்தெந்த வேலைக்குக் கை பத்தலை?” என்பதுதான் கேள்வி.

முதலில் அடுப்பு. வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளில் அடுப்பே ஊஞ்சல் மாதிரி தொங்கும். படகு சாய்ந்தாலும் பானை நேராக நிற்கும். கப்பல் காம்பஸையும் இப்படித்தான் வளையத்துக்குள் தொங்க விடுகிறார்கள். அந்த அடுப்புக்கு நமக்கு வசதி இல்லை. அதனால் இரும்புக் கம்பியில் அடுப்பைச் சுற்றி ஒரு சட்டம் வெல்டிங் வைத்தோம். பானையை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்க நகர்த்துகிற கம்பிகள் இருக்கின்றன. இனி பானையைப் பிடிக்க மாமாவின் கை வேண்டாம். பானையிலும் பாதிக்கு மேல் தண்ணீர் வைப்பதில்லை.

இரண்டாவது, பெல்ட். பழைய இரும்புக் கடையில் கார் சீட் பெல்ட் ஒன்று வாங்கினோம். அடுப்புக்கு எதிரே இரண்டு பக்கமும் கொக்கி அடித்து மாட்டினோம். மாமா அதில் முதுகைச் சாய்த்து நின்றால் விழ மாட்டார். இரண்டு கையும் சமையலுக்குக் கிடைத்துவிடும்! ஆனால் அடுப்பு முன்னாடியே கட்டிப் போட்ட மாதிரி நிற்கிறோமே, கஞ்சி மேலே கொட்டினால்? அதனால் கொக்கி ஒரே இழுப்பில் கழன்றுவிடும்படி வைத்தோம். நெஞ்சில் இருந்து முழங்காலுக்குக் கீழே வரைக்கும் மறைக்கிற ரெக்ஸின் ஏப்ரனும் அம்மா தைத்துக் கொடுத்தார்கள். ரெக்ஸினில் சூடான கஞ்சி ஊறாது, வழிந்து போய்விடும்.

மற்றதெல்லாம் காசு இல்லாத வேலைகள். தட்டுக்கு அடியில் ஈரச் சாக்கை விரித்தால் தட்டு வழுக்காது. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பழைய வலையில் தனித்தனிப் பையாகக் கட்டித் தொங்க விட்டோம். காற்றோட்டம் இருப்பதால் சீக்கிரம் அழுகாது, தரையில் உருண்டு காலையும் வாராது.

நல்ல தண்ணீர் கடலில் தங்கம் மாதிரி. கரையை விட்டுத் தள்ளிப் போனபிறகு பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவிவிட்டுக் கடைசியில் மட்டும் நல்ல தண்ணீரில் அலசலாம். அதற்கு மூடியில் ஊசியால் ஓட்டை போட்ட பாட்டில் போதும். அமுக்கினால் பீய்ச்சி அடிக்கும், ஒரு டம்ளரில் முடிகிற வேலை. முட்டை அவிக்கக் கடல் தண்ணீரே போதும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் சோற்றுக்கு அப்படியே ஊற்ற முடியாது.

கேஸ் விஷயத்தை அறிவியல் வகுப்பில் படித்ததால் நானே மாமாவிடம் சொன்னேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தோணியின் அடியில் போய்த் தங்கும். ஒரு பொறி போதும், அவ்வளவுதான்! அதனால் சிலிண்டரை வெளியே மேல்தட்டில் காற்று படும் இடத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டினார் மாமா. பயணத்துக்கு முன்னால் டியூபில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்றும் பார்க்கிறார்.

செலவுக் கணக்கு:
கம்பிச் சட்டம் – 350 ரூபாய்
பெல்ட் – 100 ரூபாய்
கொக்கிகள் – 40 ரூபாய்
ரெக்ஸின் – 120 ரூபாய்
மொத்தம் – 610 ரூபாய்

கால் வெந்தபோது மருந்துக்கு ஆன செலவு இதைவிட அதிகம்.

ஜனவரியில் மாமா மாலே போய் வந்தார். வழியில் ஒரு ராத்திரி காற்று பலமாம். “ரெண்டு கையாலயும் கிண்டி ரசம் வச்சேன் மக்கா, ஒரு சொட்டு சிந்தலை” என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மாமாவின் காலையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்புறம் அடுத்த பயணத்துக்கு ஏப்ரனில் ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். தீப்பெட்டி நனையாமல் இருக்குமாம்.

உங்கள் வீட்டிலும் தோணிக்கோ, மீன்பிடிக்கவோ போகிறவர்கள் இருப்பார்கள். “என்ன வாங்கி வருவீங்க?” என்று நாம் எப்போதும் கேட்கிறோம். இந்தத் தடவை “எந்த வேலைக்கு உங்களுக்குக் கை பத்தலை?” என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்ததும் நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு