லாரியில் வரும் படகு

பெங்களூர் அல்சூரில் இருக்கிறவர்களுக்கு இது பழகின காட்சிதான். மழைக்காலத்தில் சிக்னலில் நிற்போம். பக்கத்தில் ஒரு பச்சை ராணுவ லாரி வந்து நிற்கும். மேலே தார்ப்பாய்க்குக் கீழே, கயிறு போட்டு இறுக்கிக் கட்டின ஒரு படகு மூக்கை நீட்டிக் கொண்டிருக்கும். போன வாரம் என் பையன் கேட்டான், "அப்பா, கடலே இல்லாத ஊர்ல ஆர்மிக்கு எதுக்குப்பா போட்டு?"

நல்ல கேள்வி. நம்ம ஆட்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும். ஏன்னா அந்தப் படகில் நம்ம சம்பந்தமும் இருக்கிறது.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருப்பது எம்.ஈ.ஜி., அதாவது மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றும் சொல்வார்கள். 1780-ல் மெட்ராஸில் ஆரம்பித்த படை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெங்களூருக்கு வந்துவிட்டது. ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. ஆமாங்க, நம்ம தம்பியேதான்! பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது, ஆற்றைத் தாண்ட வழி செய்வது எல்லாம் இவர்கள் வேலை. சண்டையில் பாலம் போடுவதற்கு முன்னால் எதிர்க்கரையில் கொஞ்சம் பேர் போய் இறங்கியாக வேண்டும். அதற்குத்தான் சின்னப் படகு. இந்திய ராணுவம் வைத்திருக்கும் ஒரு வகைக்குப் பெயர் 'போட் அசால்ட் யூனிவர்சல் டைப்'. மளிகைக் கடைப் பட்டியல் மாதிரி பொருளை முதலில் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் சொல்வது அவர்கள் வழக்கம் :-)

சண்டைக்கு என்று செய்த படகு, நம் காலத்தில் அதிகம் இறங்கினது வெள்ளத்தில்தான். 2018 ஆகஸ்டில் கேரளா மூழ்கியபோது பெங்களூரிலிருந்தும் ராணுவப் பொறியாளர்கள் போனார்கள்.

இதில் நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். படகு எவ்வளவு பெரிசாக இருக்கலாம் என்பதைத் தண்ணீர் முடிவு செய்வதில்லை, லாரிதான் முடிவு செய்கிறது. வெள்ளம் வந்த ஊரில் படகுத்துறை கிடையாது, கிரேன் கிடையாது. உயரமான சக்கரமும் நாலு சக்கரத்துக்கும் இழுவையும் இருப்பதால் ராணுவ லாரி, கார் நின்றுபோகும் தண்ணீரிலும் கொஞ்ச தூரம் போகும். அதற்கு மேல் முடியாது என்கிற இடத்தில் நின்றுவிடும். அங்கே படகைக் கையால் இறக்கணும், தோளில் தூக்கணும், சந்து திரும்பணும். ஏழெட்டு பேர் தூக்க முடியாத படகு அங்கே உதவாது. சின்னப் படகு என்றால் ஒரு நடைக்குக் கொஞ்சம் பேர்தான். அப்போது யார் முதலில் ஏறுவது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. 2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி அடையாறு பொங்கினபோது என் சித்தப்பாவும் சித்தியும் முடிச்சூரில் இருந்தார்கள். எழுபது தாண்டினவர்கள், சித்திக்கு மூட்டு வலி. கீழ்வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் மாடி வீட்டுக்காரர்களோடு போய் உட்கார்ந்துவிட்டார்கள். "மாடிக்கு வந்துட்டோம்பா, பயப்படாத" என்றார் சித்தப்பா. அதற்கப்புறம் போன் இல்லை. சென்னை ஏர்போர்ட்டும் மூடியாகிவிட்டது. இங்கிருந்து டிவி பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லாத அந்த ஒன்றரை நாளை, வெளியூரில் இருக்கிற எல்லாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கடைசியில் வந்தது ரப்பர் படகு. காற்றடிக்கும் இந்த வகையை ஜெமினி என்பார்கள். சித்தி அப்புறம் கதை கதையாகச் சொன்னாள். தெருமுனை வரைக்கும் மோட்டார் சத்தம் கேட்டதாம், அப்புறம் நின்றுவிட்டதாம். திரும்பிப் போய்விட்டார்கள் என்று மாடியில் ஒரே அழுகை. உண்மையில், தெருவில் மிதக்கிற கொடிக்கயிறும் புடவையும் மோட்டார் விசிறியில் சுற்றிக்கொள்ளும் என்பதால் அதை அணைத்துவிட்டு, ஜவான்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி படகைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தண்ணீருக்கடியில் இருக்கும் கேட்டின் ஈட்டிக்கம்பியையும் மதில்மேல் பதித்த கண்ணாடித் துண்டையும் காலால் தடவித் தடவி வரணும், ரப்பர் கிழிந்துவிடக் கூடாதே. (இந்தப் படகில் காற்று தனித்தனி அறைகளாக இருக்கும். ஒன்று கிழிந்தாலும் உடனே முழுகாது.)

"படகுல ஏறினது கஷ்டமே இல்லடா, மெத்தை மாதிரி இருந்துது, உருண்டு விழுந்தேன். லாரில ஏறினதுதான் கஷ்டம்" என்றாள் சித்தி. லாரியின் பின்பலகை அவள் தோள் உயரம். மிதந்து வந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, ஒருத்தர் கீழே பிடிக்க ஒருத்தர் மேலே இழுக்க ஏற்றினார்களாம். "அந்தப் பையன் என்னை அம்மான்னான். எந்த ஊரோ, என்ன பாஷையோ, அந்த ஒரு வார்த்தை மட்டும் தெரிஞ்சிருக்கு."

ராணுவத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாவம். 2018-ல் கேரள மீனவர்கள் அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவை கனமானவை, ஏற்ற இறக்க நிறைய கை வேண்டும். ஆனால் இழுக்கிற நீரை எதிர்த்துப் போகும், கூடுதல் ஆட்களை ஏற்றும், ஓட்டுகிறவருக்கு நீரோட்டம் தெரியும். சந்துக்குள் சின்னப் படகு, ஆறு பாயும் இடத்தில் பெரிய படகு, இரண்டும் வேணும்.

சின்னப் படகில் நிறைய பேர் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்து பிரம்மனாள் கிராமம் சாட்சி. 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி வெள்ளத்திலிருந்து தப்பிக்க ஊர்க்காரர்கள் உள்ளூர்ப் படகு ஒன்றில் அளவுக்கு மேல் ஏறினார்கள். படகு கவிழ்ந்து பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் இறந்தார்கள். அடுத்த நடை வரும் என்ற நம்பிக்கை இல்லாதபோது மனுஷன் வேறென்ன செய்வான்?

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். இந்த மழைக்கு முன்னால் ஒரு போன் போட்டு நாலு விஷயம் பேசி வையுங்கள். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலத்துடையது. இரண்டையும் காகிதத்தில் எழுதி சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அது உள்ளூரிலிருந்து கூப்பிடும் எண், நாம் இங்கிருந்து அடித்தால் நம்ம ஊர் ஆபீசுக்குத்தான் போகும். ஆகவே அங்கே அடுத்த தெருவில் மேட்டில் இருக்கிற யாராவது ஒருத்தர் நம்பர் நம் கையிலும் இருக்கணும். சொல்லும்போது வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார், எந்த மாடி, பக்கத்தில் கோயிலா பள்ளிக்கூடமா என்று சொல்லணும். படகு எத்தனை நடை அடிக்கணும் என்று அவர்கள் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான். மருந்தும் கண்ணாடியும் ஒரு சின்னப் பையில் இருக்கட்டும், பெட்டி வேண்டாம். ஒரு பெட்டியின் இடம் ஒரு குழந்தையின் இடம்.

முக்கியமாக இதைச் சொல்லுங்கள்: முதல் படகு நிறைந்து போய்விட்டால் பதறாதீர்கள். அது திரும்பி வரும்.