கடையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி

2019 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு வாக்குச்சாவடிக்கு நான் தலைமை அலுவலர். மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்துக் கதவைச் சாத்தச் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து ஒரு பெண் மூச்சிரைக்க வந்தார். இடுப்பில் குழந்தை, கையில் காயாத இட்லி மாவு. "கடையப் பாத்துக்க ஆளில்ல மேடம், அவரு இப்பத்தான் வந்தாரு." விதிப்படி திருப்பி அனுப்பினேன். ஏஜெண்டுகள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் அந்தப் பெண் இல்லை.

லைபீரியாவின் லேமா போவீ எழுதிய தன்வரலாற்றைப் பின்னால் படித்தபோது அந்த மாவுக் கை நினைவுக்கு வந்தது.

14 ஆண்டு காலப் போர் ஓய்ந்து 2005இல் அங்கே தேர்தல். ஐ.நா. படை காவல் நின்றது. ஐஃபெஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு தேர்தல் ஆணையத்துக்குத் தொழில்நுட்ப உதவி செய்தது. கார்ட்டர் மையமும் என்.டி.ஐ.யும் பார்வையாளர்களை அனுப்பின. இவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். தோற்ற ஜார்ஜ் வியா மோசடி என்று குற்றம்சாட்டியபோது, வெளியாரின் சாட்சி தேவையாகத்தான் இருந்தது.

ஆனால் பார்வையாளர் பார்ப்பது சாவடிக்கு வந்துசேர்ந்தவர்களை. வாக்காளர் பதிவு தொடங்கியபோது பெண்கள் அவ்வளவாக வரவே இல்லை. போவீயும் தோழிகளும் சந்தைக்குப் போய்க் கேட்டார்கள். எழுந்து போனால் சரக்கை யார் பார்ப்பது, பிள்ளையை யார் வைத்துக்கொள்வது? சொற்பொழிவெல்லாம் ஆற்றவில்லை. பிள்ளைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கடைகளில் இவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள். முடிவில் பதிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். நவம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் எலன் ஜான்சன் சர்லீஃப் 59 சதவீதத்துக்கு மேல் பெற்றார். ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று அதிபரான முதல் பெண். (2012இல் போவீயே அவரை விமர்சித்துப் பொறுப்பிலிருந்து விலகினார். பெண் ஆண்டாலும் கேள்வி கேட்கத்தானே வேண்டும்.)

மை, பெட்டி, முத்திரை, பயிற்சி எல்லாவற்றுக்கும் நிதி கேட்டு எழுதலாம். மிளகாய்க் கூடைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்வதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

2024இல் எனக்குத் தேர்தல் பணி வரவில்லை. வாக்களித்துத் திரும்பும்போது தெருமுனை இட்லிக்கடை அக்காவிடம், "நான் இருக்கேன், போய்ட்டு வாங்க" என்றேன். அண்ணன் காலையிலேயே போட்டுவிட்டாராம். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டீச்சர், உங்களுக்கு இட்லி ஊத்த வருமா?"

முக்கால் மணி நேரம். இரண்டு பேருக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். ஒரு ஈடு இட்லி வேகவில்லை.