பழைய ஆட்டமா, புது ஆட்டமா? ஞாயிறு வகுப்புப் பிள்ளைங்களுக்காக ஒரு முடிவு

 

"கோயில்ல கம்ப்யூட்டர் கேமா?" என்று வாட்சாப் குழுவில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். முதலில் ஒன்று: உண்டியல் பணமோ அன்னதானப் பணமோ இதில் ஒரு காசுகூட இல்லை. இளைஞர் பகுதித் தொண்டர்கள் நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

தானா ராத்தாவில் தேவார வகுப்புக்குச் சின்னப் பிள்ளைங்க நல்லா வருவாங்க. இடைநிலைப்பள்ளி போனதும் நின்னுடுவாங்க. தோட்டத்துப் பக்கம் இருந்து வர்ற பையன்களுக்குச் சாயங்காலம் மழையும் மூடுபனியும் இறங்கிட்டா வேற போக்கிடமும் இல்லை, கைப்பேசிதான். மண்டபத்துப் பின்னறையில் நன்கொடையாக வந்த நாலு பழைய கணினி இருக்கிறது. அதில் 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தோம். வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். நின்றுபோன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தார்கள்.

இது சுட்டுத் தள்ளுகிற ஆட்டம் இல்லை. விறகு வெட்டணும், வயல் போடணும், கோட்டை கட்டணும், அப்புறம்தான் படை. அவசரப்பட்டவன் தோற்பான். இணையமே வேண்டாம், ஒரு கம்பியை இழுத்து நாலு கணினியையும் இணைத்தால் நாலு பேரும் ஒன்றாக ஆடலாம்.

ஆனால் அதில் நாம் இல்லை. 2000-ல் வந்த விரிவையும் சேர்த்து 18 இனம். இந்தியாவும் இல்லை, மலாயும் இல்லை. நம்ம பையன்கள் எப்பப் பார்த்தாலும் பாரசீகர்களையே எடுத்தார்கள். ஏன்டா என்றால், "அவங்ககிட்டதான்ணே யானை இருக்கு."

அதே ஆட்டத்தின் புதுப் பதிப்பு 2019-ல் வந்தது. பழையது இல்லாமலே தனியாக ஓடும். 2016-ல் ஒரு விரிவாகச் சேர்ந்த மலாய்க்காரர்கள் இதில் இருக்கிறார்கள், கராம்பிட் கத்தி வீரரோடு. இதற்கு மேல் 2022-ல் 'டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவு வந்தது. அதில் திராவிடர் என்று ஓர் இனம், உருமி வீரன், திரிசடை என்ற பெரிய போர்க்கப்பல், ராஜேந்திர சோழன் பேரில் ஒரு கதைத்தொடர். வீரர்கள் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால் புதுசுக்கு 30 ஜிபி அளவுக்கு இடம் வேண்டும், நல்ல கணினி வேண்டும். நம்ம நாலு கிழட்டுக் கணினியும் தாங்காது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக வாங்கவும் வேண்டும். ஒன்றுதான் கட்டுப்படியாகும். அப்படியென்றால் ஒருவன் ஆட, மற்றவர்கள் பார்க்கணும்.

ஒரு அம்மாவுக்கு வேறு கவலை. சாமியார் ஒருத்தர் ஏதோ முணுமுணுத்ததும் எதிரி வீரன் நிறம் மாறி இந்தப் பக்கம் வந்துடறானே, இது மதம் மாத்துற ஆட்டமா என்று கேட்டார். பழசிலும் புதுசிலும் அது உண்டும்மா. கட்சி மாறுவதுதான், கும்பிடும் சாமி மாறுவதில்லை. பையன்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

எங்களை உண்மையில் யோசிக்க வைத்தது கடாரம்தான். 1025-ல் ராஜேந்திரன் கடல் கடந்து வந்து கொண்ட கடாரம் இன்றைய கெடா. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் என்று 13 இடங்களை அடுக்குகிறது. இலங்காசோகம்தான் லங்காசுகா என்பார்கள் வரலாற்று ஆசிரியர்கள். நாம் பிறந்து வளர்ந்த நாட்டின் பெயர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்ம கோயில் சுவரில் இருக்கின்றன. இதைப் பிள்ளைங்களுக்கு யார் சொல்றது?

ஆட்டம் சண்டையைத்தான் காட்டும். அதற்குச் சுமார் 20 வருஷம் முன்பு கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி கட்டினான். ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன், சைவன், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதி வைத்தார். லைடன் செப்பேடு அதைச் சொல்கிறது. நம்ம பிள்ளைங்க பள்ளியில் மலாய் நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்கள். "நாங்க உங்களை ஜெயிச்சோம்" என்று மட்டும் கற்றுக்கொண்டு போனால் அது பாதி வரலாறு.

அதனால் புதுசை வாங்குகிறோம், ஒரே ஒரு மடிக்கணினிக்கு. ஆட்டமாக மட்டும் பார்த்தால் பழசே போதும், ஒன்றாக ஆட அதுதான் வசதி. அது அந்த நாலு கணினியில் அப்படியே இருக்கட்டும். ராஜேந்திரன் தொடரை மண்டபச் சுவரில் பெரிதாகக் காட்டி, பிள்ளைங்க எல்லாரும் கலந்து பேசி நகர்த்துவார்கள். கப்பலா, கோட்டையா என்று சண்டை வரும், வரட்டும். ஆனால் கல்வெட்டையும் சூடாமணி விகாரத்தையும் பற்றி அரை மணி நேரம் பேசிய பிறகுதான் கணினியைத் திறப்போம். அடுத்த பள்ளி விடுமுறையில் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்குக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்யவும் எண்ணம் உண்டு.

இப்போது எங்களுக்கு வேண்டியது ஒரு புரொஜெக்டர். யாரிடமாவது சும்மா கிடந்தால் வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது கொண்டு வாங்க. பாட்டி தாத்தாமாரும் பார்க்க வரலாம், நாற்காலி போட்டு வைக்கிறோம்.