எல்லோ, வயலட், ரெட்

வயலட், கிரே என்னும் நிறப்பெயர்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவை ரெசிஸ்டர்கள். மன்னார்குடியில் எங்கள் தெருமுனையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. 1980களின் தொடக்கம். பள்ளி விட்டதும் புத்தகப்பையோடு அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். கடைக்கார அண்ணன், திறந்துபோட்ட ரேடியோவிலிருந்து தலையை எடுக்காமலே, "தம்பி, எல்லோ வயலட் ரெட் ஒண்ணு எடு" என்பார். பிஸ்கட் டப்பாவில் கொட்டிக்கிடக்கும் ரெசிஸ்டர் குவியலைத் துழாவி, அந்த மூன்று நிற வளையங்களும் அதே வரிசையில் இருக்கும் ஒன்றைத் தேடிக் கொடுப்பேன். மஞ்சளுக்கு 4, ஊதாவுக்கு 7, மூன்றாவதாக வரும் சிவப்புக்கு இரண்டு சைபர். ஆக 4,700 ஓம்.

பிளாக், பிரவுன், ரெட், ஆரஞ்ச், எல்லோ, கிரீன், புளூ, வயலட், கிரே, ஒயிட். பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை இந்த வரிசைதான். மறக்காமலிருக்க ரேடியோக்காரர்கள் ஒரு கதை வைத்திருந்தார்கள். பி.பி.ராய் கிரேட் பிரிட்டன்காரர், அவருக்கு வெரி குட் ஒய்ஃப். முதலெழுத்துகளைக் கோத்தால் பத்து நிறமும் வந்துவிடும். நான்காவது வளையம் தங்கநிறமாக இருந்தால் சொன்ன அளவுக்கு 5 சதவீதம் கூடலாம், குறையலாம். வெள்ளி என்றால் 10 சதவீதம். "அதுக்குப் பேரு டாலரன்ஸ். அந்த அளவுக்கு முன்னப்பின்ன இருந்தா செட்டு தாங்கும்" என்றார் அண்ணன். எந்த அகராதியும் அந்தச் சொல்லை எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

வகுப்பில் ஆங்கிலம் வேறு மாதிரி வந்தது. கரும்பலகையில் சொல், அதற்கு நேரே பொருள், மறுநாள் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதினோம். பரீட்சை முடிந்ததும் போய்விட்டது.

கடையில் சொல் போகவில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு வேலை இருந்தது. ஊமையாகிவிட்ட ரேடியோ வந்தால் அண்ணன் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலில் விரலை வைப்பார். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் எழும். "ஆம்பிளிஃபையர் பேசுது. கோளாறு இதுக்கு முன்னாடி இருக்கு" என்பார். அடுத்து ஆசிலேட்டர். பக்கத்தில் நல்ல ரேடியோ ஒன்றை வைத்து முள்ளை மெல்ல நகர்த்துவார். ஓரிடத்தில் விசில் கேட்டால் ஆசிலேட்டர் உயிரோடிருக்கிறது என்று பொருள். கேங், பேண்ட் சுவிட்ச், காயில், ஐ.எஃப்.டி., ஃபெரைட் ராடு என்று எல்லாமே விரலால் தொட்டுப் பார்த்த சொற்கள்தாம். ரேடியோவைத் திருப்பி வைத்தால் ஒரு நிலையம் ஓங்குவதும் இன்னொன்று மங்குவதும் அந்தக் கறுப்பு ஃபெரைட் ராடு எந்தத் திசையைப் பார்த்துப் படுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அறிந்த அன்று, வீட்டு ரேடியோவை அலமாரியில் எப்படி வைக்க வேண்டும் என்று அப்பாவுக்கே சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருச்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கும்போது இரண்டு எண்களைச் சொல்வார்கள், மீட்டர் கணக்கில் ஒன்று, கிலோஹெர்ட்ஸ் கணக்கில் ஒன்று. 320.5, 936. ஒரே நிலையத்துக்கு எதற்கு இரண்டு எண்? "ரெண்டையும் பெருக்கிப் பாரு" என்றார் அண்ணன். நோட்டின் பின்பக்கத்தில் பெருக்கினேன். மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. சென்னையின் 720க்கு 416.7 மீட்டர். அதையும் பெருக்கினேன். மறுபடியும் மூன்று லட்சத்தை ஒட்டியே வந்தது. ஒளி ஒரு நொடியில் போகும் கிலோமீட்டர் அது என்று அறிவியல் பாடத்தில் படித்திருந்தேன். வேவ்லெங்த்தும் ஃப்ரீக்வென்சியும் அந்தப் பெருக்கலில் எனக்குள் இறங்கிய சொற்கள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். எந்த நிலையத்தைப் பெருக்கினாலும் விடை அசையாது. அந்த மகிழ்ச்சியை இன்றும் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. அதன்பின் டெல்டாப் பக்கம் டி.வி. வாங்கியவர்கள் மாடிக்குமேல் உயரமான குழாய் நட்டு, கடலுக்கு அப்பாலிருந்து வருவதைப் பிடிக்கப் பார்த்தார்கள். அண்ணனோடு நானும் மாடி ஏறினேன். அலுமினியக் குச்சிகளில் பின்னால் இருப்பது ரிஃப்ளெக்டர், நடுவில் டைபோல், முன்னால் வரிசையாக டைரக்டர்கள், கம்பத்தோடு கட்டிய சின்னப் பெட்டி பூஸ்டர். டைரக்டர் என்றால் பாரதிராஜா என்றிருந்த எனக்கு, அலைக்கு வழிகாட்டும் குச்சிக்கும் அதே பெயர் என்பது முற்றிலும் நியாயமாகப் பட்டது. நான் குழாயைப் பிடித்துத் திருப்ப, கீழேயிருந்து "ஸ்னோ... ஸ்னோ... கொஞ்சம் தெக்கே... கோஸ்ட் அடிக்குது... நிறுத்து!" என்று குரல் வரும். ஒரே உருவம் பக்கத்தில் நிழலாக இரட்டித்துத் தெரிந்தால் கோஸ்ட். அலை நேராக ஒருமுறையும் எதிலோ மோதித் திரும்பி ஒருமுறையும் வந்து சேர்வதால் அப்படி.

நான் படித்தது தமிழ்வழியில். அதனால் இந்தச் சொற்களுக்கெல்லாம் இன்னொரு கை கிடைத்தது. அண்ணன் 'கண்டன்சர்' என்றதைப் புத்தகம் 'மின்தேக்கி' என்றது. கரண்டில் ஓடும் ரேடியோவை அணைத்த பிறகும் பாட்டு ஒரு கணம் நீடித்துத் தேய்ந்து அடங்குவது ஏன் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக இருந்தது. 'மின்தேக்கி' என்ற சொல்லைப் படித்ததும், ஏரியில் தேங்கிய தண்ணீர்போல மீதமிருக்கும் மின்சாரம் வடிகிறது என்று தானாக விளங்கிவிட்டது. கிளை நூலகத்தில் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராயிருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியத்தின் கனத்த தொகுதிகள் இருந்தன. கடையில் கேட்ட பெயர்களை அங்கே போய்த் தமிழில் தேடுவேன். ஆங்கிலப் பெயரால் பொருளைக் கேட்டு வாங்கினேன், தமிழ்ப் பெயரால் அது என்ன செய்கிறது என்று அறிந்தேன். தமிழ்வழியில் படித்தால் ஆங்கிலம் வராது என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

பின்னால் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது பாடம் முழுக்க ஆங்கிலம். சூப்பர்ஹெட்ரோடைன் ரிசீவர் என்ற பாடத்தைத் திறந்தேன். பெரிய சொற்கள் எல்லாம் தெருமுனையில் பழகியவை. தடுத்தவை சின்னச் சொற்கள்: ஹென்ஸ், வேர்ஆஸ், தேர்பை. ஆனால் அவை வரும் வரி என்ன சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆசிலேட்டர் எப்போதும் நிலையத்தைவிட 455 கிலோஹெர்ட்ஸ் மேலே நிற்கும். திருச்சி 936இல் என்றால் அது 1,391இல். அதைப் பிடித்துக்கொண்டு ஹென்ஸுக்கும் வேர்ஆஸுக்கும் பொருள் கண்டு, ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். விடுதியில் என்னைப்போலத் தமிழ்வழியில் வந்தவர்கள் ராத்திரி அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வருவார்கள். அவர்களிடம் சொல்வேன்: "மொதல்ல சர்க்யூட்டப் பாரு. ஏரியல்லேர்ந்து ஸ்பீக்கர் வரைக்கும் விரலை வச்சுக்கிட்டே போ. அப்புறமா இங்கிலீஷப் படி."